தூர்வாரும் முன் கரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று சித்திரை, வைகாசியில் டெல்டா முழுக்கத் தூர்வாருகிறார்கள். கொள்ளிடக் கரையில் முதலை முட்டைகள் மண்ணுக்குள் கிடப்பதும் இதே நாட்களில்தான்.

அமெரிக்கச் சதுப்புகளில் வாழும் அலிகேட்டர், புல்லையும் நாணலையும் குவித்து மேடு கட்டி அதில் முட்டையிடும், பார்த்ததும் தெரிந்துவிடும். நம் நன்னீர் முதலை மாசி, பங்குனி இரவுகளில் கரைச் சரிவில் பின்னங்கால்களால் சுமார் ஒன்றரை அடி குழி பறித்து, 25, 30 முட்டைகள் இட்டு மூடிவிடும். மேலே ஒரு மேடும் இராது. பொக்லைன் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? நீரிலிருந்து மேலேறும் வால் தடமும், முட்டையிடாமல் விட்ட அரைகுறைக் குழிகளும், ஒரே இடத்தில் நாள்தோறும் படுத்திருந்து சீறும் தாயும்தான் அடையாளம்.

பொரிக்க இரண்டு முதல் இரண்டரை மாதம் ஆகும். மண்ணின் வெப்பமே பாலினத்தையும் முடிவு செய்கிறது: 31 டிகிரி செல்சியஸ் வரை எல்லாம் பெண், 32.5-ஐ ஒட்டி ஆண். கூட்டின் மேல் தூர் மண்ணைக் கொட்டினால் இந்தக் கணக்கு குலையும். முட்டைக்குக் காற்றும் போகாது.

முட்டைகளைக் கண்டால் வாளியில் அள்ளுவதுதான் பெரிய தவறு. இட்ட ஒரு நாளுக்குள் கரு ஓட்டின் மேல்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு புரட்டினால் அறுந்து செத்துவிடும். காப்பாற்றுவதாக நினைத்துத் தண்ணீரில் விட்டாலும் மூச்சு முட்டிவிடும். அப்படியே மண்ணை மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாற்றியே ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு முட்டையின் மேல்புறத்திலும் பென்சிலால் குறியிட்டு, அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி அதே மண் பரப்பிய பெட்டியில் வைத்து அவர்கள் எடுப்பார்கள்.

ஊருக்குள் வந்த முதலையைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். பங்குனி முதல் வைகாசி வரை பிடிபடுவது பெண்ணானால், முதலில் கூட்டைத் தேட வேண்டும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும்போது மண்ணைப் பறித்து, வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோவது தாய்தான். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஆண் முதலையும் இதைச் செய்தது பதிவாகியிருக்கிறது. இறுகிய கரை மண்ணில், தோண்ட யாரும் வராவிட்டால் குஞ்சுகள் உள்ளேயே மடியும். உடும்பும் நரியும் நாயும் கூட்டை நெருங்காமல் இருப்பதும் தாய்க்கு அஞ்சித்தான்.

நீர்வளத்துறை இயந்திரத்தை இறக்குவதற்கு முந்தைய நாள் வனக்காவலர் ஒருவரை அழைத்துக்கொண்டு கரையில் நடக்கட்டும். கூடு இருந்தால் கொடி நட்டு, அந்தத் துண்டை மட்டும் குஞ்சு பொரித்த பிறகு வாரலாம்.

இப்படிக்கு,
வாசகர், சிதம்பரம்