டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெய்நிகர் உண்மை ஹெட்செட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியாகும் அறிமுகக் கட்டுரைகளை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். அவற்றுள் பல, திரையிலுள்ள பிக்சல்களின், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளின், எண்ணிக்கையை மட்டும் கொண்டே படத்தின் தெளிவை மதிப்பிட்டுவிடுகின்றன. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வாசகரை அந்த ஓர் எண் தவறான எதிர்பார்ப்புக்கு இட்டுச் செல்கிறது என்பது என் கருத்து.

4கே தொலைக்காட்சியின் அகலத்தில் 3840 பிக்சல்கள் உள்ளன. சற்றுத் தள்ளி அமர்ந்து பார்க்கையில் அந்தத் திரை நம் பார்வைக் கோணத்தில் 30 டிகிரியை நிரப்புவதாகக் கொண்டால், டிகிரிக்கு 128 பிக்சல்கள் கிடைக்கும். அதே 3840 பிக்சல்களை ஹெட்செட்டுக்குள் ஒரு கண்ணுக்கு 100 டிகிரி அகலத்தில் விரித்தால், சராசரியாக 38 மட்டுமே மிஞ்சும். குறைபாடற்ற கண் டிகிரிக்குச் சுமார் 60 பிக்சல்கள் வரை பிரித்தறியக்கூடியது. இது போதாதென்று, இரு கண்களுக்கான திரைகளையும் கூட்டி '4கே' என்று விளம்பரம் செய்வதும் நடக்கிறது.

2016-இல் வெளியான ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஆகிய இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1080 × 1200 பிக்சல்களே இருந்தன. பிக்சல்களுக்கு இடையே தெரிந்த கரிய இடைவெளிகளால், கொசுவலைக்குள் இருந்தபடி வெளியே பார்ப்பது போலவே இருக்கும். 2023-இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 அதை 2064 × 2208 ஆக உயர்த்தியது பெரிய முன்னேற்றமே.

எனினும், அந்த முன்னேற்றத்தில் லென்ஸுக்கு உள்ள பங்கைக் கட்டுரைகள் ஓரிரு சொற்களில் கடந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. முந்தைய சாதனங்களில் பரவலாக இருந்த ஃப்ரெனல் லென்ஸின் வட்ட வரிகள் ஒளியைச் சிதறடிப்பதால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளைச் சுற்றி ஒளிக்கீற்றுகள் தோன்றும். நடுவில் தெளிவாக உள்ள படம் ஓரங்களில் மங்கிவிடும். புதிய சாதனங்களில் வரும் பான்கேக் என்ற மெல்லிய லென்ஸ் ஓரம் வரை தெளிவைத் தருகிறது. ஆனால் ஒளியை உள்ளுக்குள் மடக்கி அனுப்பும்போது அதன் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், திரை அதிகப் பிரகாசமாக இருந்தாக வேண்டும். கண்மணிகளுக்கு இடையேயான தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். மெட்டாவின் முந்தைய குவெஸ்ட் 2-இல் லென்ஸ்களின் இடைவெளியை இதற்கேற்ப மாற்ற 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்றே நிலைகள் இருந்தன. இந்த அளவுகளிலிருந்து வெகுவாக விலகியவருக்கு அதே திரை மங்கலாகவே தெரியக்கூடும். விளையாட்டு மென்பொருள், சிப்பின் சுமையைக் குறைப்பதற்காகத் திரையின் அளவைவிடக் குறைந்த தெளிவில் படத்தை உருவாக்குவதும் உண்டு.

ஆகவே, இனி வரும் கட்டுரைகளில் ஒவ்வொரு கண்ணுக்குமான பிக்சல் அளவுடன், டிகிரிக்கு எத்தனை என்பதையும், லென்ஸின் வகையையும், கண்மணித் தூரத்தை எந்த அளவு வரை மாற்றலாம் என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இயன்றால், மதிப்பாய்வு செய்பவர் அந்தச் சாதனத்தில் தமிழ்ப் பக்கம் ஒன்றைச் சிறிய எழுத்தில் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். 'க்' என்பதன் மேலுள்ள புள்ளியும், 'ன', 'ண' ஆகியவற்றின் சுழிகளும் சிரமமின்றிப் பிரிந்து தெரிகின்றனவா என்பதை அவர் எழுதினால், என்னைப் போன்ற வாசகர்களுக்கு அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்