படுகை இந்த வருஷமும் அங்கேயே தான் இருக்கு மாப்ள

மாப்ள,

எப்டி இருக்க? முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் இல்லாமலே நடக்குறியாமே, தங்கச்சி, அதான் உன் வீட்டுக்காரி, போன்ல சொல்லுச்சு. மாடிப்படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதையும் சொல்லுச்சு, நீ அன்னிக்கே மொட்டமாடிக்குப் போய் தண்ணி டேங்க்க எட்டிப் பாத்ததையும் சொல்லுச்சு. உன்ன யாரு திருத்துறது. இங்க எல்லாரும் சுகம், சின்னவளுக்கு தை மாசத்துல வளைகாப்பு வச்சிருக்கோம், தேதி முடிவானதும் சொல்றேன், நீ வரணும்.

போன மாசம் நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ என் வீட்டுக்காரிக்கும், அதான் உங்க தங்கச்சிக்கும், போட்டுக் காட்டுனேன். "புல்லு நட்டு கொள்ளிடத்த நிறுத்தப் போறானாம்"னு ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு, அத கேட்டு அவளும் உன்கூட சேந்து சிரிச்சா. ஆத்தங்கரை சரியாம இருக்க நான் வெட்டிவேர் நட்டதுக்குத்தான் அந்த சிரிப்பு, சரி சிரிங்க. போன்ல பேசுனா முப்பது வருஷம் காங்கிரீட் போட்ட கதையவே நீ சொல்லுவ, என்ன வாயத் தொறக்க விட மாட்ட, அதான் எழுதுறேன். நடுவுல வெட்டிப் பேச முடியாதுல்ல.

மொதல்ல 2018லேருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணைல கொள்ளிடம் பக்கத்து மதகு ஒம்போது அடிச்சுட்டுப் போச்சே, வெள்ளக்கார இஞ்சினியர் காட்டன் தொரை 1836ல கட்டுனது, டிவில எல்லாம் அததான் காட்டுனான். ஆத்தோரமா இருக்குற நம்ம படுகைல நாப்பது குழி நெலம் போனத யாரு காட்டுவா. தார் தள்ளுன வாழையோட போச்சு. ஆனா உனக்கு இதுவரைக்கும் நான் சொல்லாத ஒண்ணு இருக்கு மாப்ள, கரை வெள்ளம் ஓடும்போது விழல. தண்ணி கரையோட விளிம்ப முட்டிகிட்டு நாலு நாள் ஓடுச்சு, நான் டார்ச்ச வச்சிகிட்டு தூங்காம காவல் காத்தேன், ஒரு கட்டி மண்ணு சரியல. அஞ்சாம் நாள் தண்ணி கடகடன்னு இறங்குச்சு, அப்பாடான்னு வீட்டுக்கு வந்து படுத்தேன், அன்னிக்கி ராத்திரி தான் தொம் தொம்னு சத்தம். காலைல போய் பாத்தா வாழை எல்லாம் நின்ன மேனிக்கே ஆத்துக்குள்ள எறங்கி நிக்கிது.

அது ஏன்னு அப்ப புரியல, அப்றம் தான் புரிஞ்சுது. ஆறு நெறஞ்சு ஓடும்போது தண்ணியே கரைக்கு முட்டுக் குடுத்து நிக்கிது. மண்ணு நாலு நாளா குடிச்சு குடிச்சு கனத்துப் போயிருக்கு, திடீர்னு அந்த முட்ட எடுத்துட்டா என்ன ஆகும்? டீல முக்குன பிஸ்கட்ட வெளிய எடுத்ததும் ஒடிஞ்சு விழுமே, அதே கதை தான். அதுலயும் நம்ம படுகை மேல அஞ்சாறு அடி வண்டல், கீழ வெறும் மணல். அடியில மணல ஆறு அரிச்சு எடுத்துட்டா மேல வண்டல் அந்தரத்துல பால்கனி மாதிரி நீட்டிகிட்டு நிக்கும், கொஞ்ச நேரம் தான். மேட்டூர் கட்டுனதுலேருந்து மேலேருந்து வர்ற மண்ணும் மணலும் அங்கேயே தங்கிடுது, வெறும் தண்ணியா வர்ற தண்ணிக்கு மண்ணு பசி ஜாஸ்தி, போதாக்கொறைக்கு மணல் அள்ளி அள்ளி ஆத்துத் தரையே பள்ளமா எறங்கிப் போச்சு. கரைக்கு அடி எங்க இருக்கும்?

பக்கத்துப் படுகைக்காரரு சும்மா இருக்கல, அடுத்த வருஷமே ஒரு கான்ட்ராக்டர வச்சு கருங்கல் சுவரு கட்டுனாரு. நல்லா கெத்தா இருந்துச்சு, ஊரே போய் பாத்துச்சு, நானும் தான் போய் நின்னு வாயப் பொளந்தேன். எனக்கு அவ்ளோ காசு இல்ல, அத மறைச்சு என்ன ஆகப் போகுது. நான் புல்லுக்குப் போனது கொள்கைக்காக இல்ல, கையில இருந்தது அவ்ளோ தான்.

வெட்டிவேர் நாத்து கடலூர் பக்கம் மணல்ல போடுறவங்க கிட்டேருந்து வாங்கியாந்தேன். நீ இஞ்சினியரு, உனக்கு நம்பர் சொன்னாத்தான் ஏறும், அதனால சொல்றேன், அந்த வேரோட இழுவை பலம் சராசரி 75 மெகாபாஸ்கல்னு அளந்து எழுதி வச்சிருக்காங்க, நீ கட்டுற சாதா கம்பில ஆறுல ஒரு பங்கு. வேரு ஒண்ணொண்ணும் தையல் நூல் மாதிரி தான் இருக்கும், ஆனா பக்கவாட்டுல படராம நேரா கீழ எறங்கும், மண்ணு நல்லா இருந்தா மூணு மீட்டர் வரைக்கும் போகும். நம்ம மைசூர் பக்கத்துல குண்டலுப்பேட்டைல வெவசாயிங்க ரொம்ப காலமாவே வரப்புக்கு இத நட்டு வச்சிருக்காங்க, உலக வங்கிக்காரங்க எண்பதுகள்ல அத பாத்துட்டுத்தான் உலகம் பூரா பரப்புனாங்க. தாய்லாந்து ராஜாவே இத ஒரு இயக்கமா நடத்துனாரு. நாம என்னடான்னா பானைத் தண்ணில போட்டு குடிச்சிகிட்டிருந்தோம்.

சரி, மொத வருஷம் நான் பண்ண கூத்த கேளு. பங்குனில நட்டேன், ஆத்துல தண்ணி இல்ல, மோட்டார் தண்ணி சரிவுல நிக்காம ஓடிப் போச்சு, பாதி கருகிடுச்சு. மேலண்டப் பக்கம் மூங்கில் கொத்து இருக்குல்ல, அந்த நெழல்ல நட்டா வெயில் படாம பொழைக்கும்னு ரொம்ப புத்திசாலித்தனமா நட்டேன், அது தான் மொதல்ல செத்துச்சு. வெட்டிவேருக்கு நெழல் ஆகவே ஆகாதாம், இத யாரும் எனக்குச் சொல்லல, நானும் யாரையும் கேக்கல. மிச்சம் பொழைச்சு தளுத்தத மேலத்தெரு ஆடு ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டுப் போச்சு. அன்னிக்கி உங்க தங்கச்சி ஒண்ணுமே சொல்லல, அதான் ரொம்ப வலிச்சுது.

ரெண்டாவது தடவ வேற மாதிரி பண்ணேன். மொதல்ல செங்குத்தா நின்ன கரைய வெட்டி சரிவாக்குனேன், ஒரு அடி உசரத்துக்கு ஒன்றரை அடி படுத்த மாதிரி. பத்தடி கரைக்கு பதினஞ்சடி நெலம் போகுது பாத்துக்க. "ஆறு தின்னது பத்தாதுன்னு நீங்களும் வெட்டுறீங்களா"ன்னு உங்க தங்கச்சி கேட்டா. நியாயமான கேள்வி தான். ஆனா செங்குத்து மண்ணுல எந்த வேரும் புடிக்காது. அப்றம் பொள்ளாச்சி பக்கத்துலேருந்து தென்னை நார் கயித்து வலை வரவழைச்சு சரிவு மேல இழுத்துப் போத்தி, மூங்கில் முளை அடிச்சு, வலை கண்ணுக்கு நடுவுல வெட்டிவேர அரை அடிக்கு ஒண்ணா வரிசை கட்டி நட்டேன், வரிசைக்கு வரிசை மூணடி. இந்த நார்ல ஒரு நல்லது என்னன்னா மத்த நார விட மெதுவா மக்கும், சணல் ஒரு வருஷத்துல போயிடும், இது ரெண்டு மூணு வருஷம் தாங்கும், அதுக்குள்ள வேரு புடிச்சுக்கும், அப்றம் வலை மக்குனா என்ன மக்காட்டி என்ன. இந்தத் தடவ தை மாசம் ஆத்துல தண்ணி கொறைஞ்ச உடனே, ஈரம் இருக்கும்போதே நட்டேன்.

ஆட்டுக்கு என்ன பண்ண? நொச்சி. எங்கப்பா காலத்துல கரையோரம் நொச்சி தானா இருக்கும், நாம கம்பு ஒடிச்சு வெளாடுவோமே. ஆடு மாடு மோந்து பாத்துட்டுப் போயிடும், கடிக்காது. நொச்சிப் போத்தையும் பூவரசம் போத்தையும் ரெண்டடி மூணடியா வெட்டி மண்ணுல அடிச்சு எறக்குனா அதுவே துளுக்கும், காசு இல்ல. பூவரச மட்டும் மேல் விளிம்புக்கு உள்பக்கமா தள்ளி வச்சேன், ஏன்னா சரிவுல பெரிய மரம் நின்னா காத்துல ஆடி வேரோட சாயும், சாயும்போது லாரி லோடு மண்ண கூட்டிகிட்டு தான் போகும். 2018ல பெரிய புங்க மரம் அப்படித்தான் போச்சு. நெய்வேலி காட்டாமணக்க நட சொன்னாங்க சில பேரு, அது நல்லா புடிக்கும் தான், ஆனா ஒருதரம் விட்டா வாய்க்கால் பூரா அடைச்சுக்கும், வேணாம்னுட்டேன். தண்ணி விளிம்புல நாணல நான் நடவே இல்ல, வலைல வண்டல் படிஞ்சதும் அதுவே வந்துச்சு. வெள்ளத்துல அது படுத்துக்குது பாரு, அத கோழைத்தனம்னு நெனச்சிகிட்டிருந்தேன், படுத்து மண்ணு மேல பாய் விரிச்ச மாதிரி மூடிக்குது, தண்ணி அதும் மேல வழுக்கிட்டுப் போகுது.

2022 ஆகஸ்ட் வந்துச்சு, நொடிக்கு ரெண்டு லட்சம் கன அடி கிட்ட. தண்ணி இறங்குனப்ப பக்கத்து சுவரு ஆத்துப் பக்கமா குனிஞ்சு நின்னுச்சு, ரெண்டாம் நாள் முப்பதடி நீளத்துக்கு படுத்துடுச்சு. பின்னாடி தேங்குன தண்ணிக்கு வெளிய போக சுவர்ல ஓட்டை பத்தல, அடியில மணலும் போயிடுச்சு. நீ இருந்திருந்தா அப்படி கட்ட விட்டுருக்க மாட்ட, அத நான் ஒத்துக்கிறேன், சுவரு மேல எனக்கு கோவம் இல்ல, கட்டுன விதம் தான் தப்பு. ஆனா அந்த சுவரு முடியிற எடத்துல தண்ணி சுழிச்சு திரும்பி நம்ம பக்கத்த கடிச்சுது பாரு, அதுக்கு கோவம் இருக்கு.

இப்ப நீ சந்தோஷப்படுற எடம் வருது. நம்ம சரிவும் முழுசா தப்பிக்கல. இருநூறடில இருபதடி போச்சு. மேல வெட்டிவேர் கெட்டியா புடிச்சிகிட்டு நிக்கிது, கீழ அடி மண்ணு இல்ல, மேல இருக்குறது வேரோட தாடி மாதிரி தொங்கி அப்படியே எறங்கிடுச்சு. வேரு சரிவப் புடிக்கும் மாப்ள, அடியப் புடிக்காது. தண்ணி அடிச்சு அரிக்கிற அடியில செடி நிக்காது, அங்க கனம் தான் வேணும். நீ சிரிச்சதுல பாதி சரி தான், இத ஒத்துக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு, வச்சுக்க.

அந்த அடிக்கு தான் மண்டைய ஒடைச்சிகிட்டேன். அப்ப தான் டச்சுக்காரங்க சமாச்சாரம் படிச்சேன், அவங்க வில்லோ மரத்து மிளார, அதான் சின்னக் கெளைங்கள, கட்டு கட்டா கட்டி, பாய் மாதிரி பின்னி, மெதக்க விட்டு இழுத்துட்டு வந்து, மேல கல்ல அடுக்கி ஆத்துக்குள்ள முக்கிடுவாங்களாம். டி ரைக்கேன்னு ஒரு டச்சு இஞ்சினியர் 1873ல ஜப்பானுக்குப் போய் அங்க யோதோ ஆத்துல இத செஞ்சிருக்காரு. இதுல சூட்சுமம் என்னன்னா அடி மணல் அரிச்சாலும் அந்த மிளாறு மெத்தை வளைஞ்சு பள்ளத்தோட படுத்துக்கும், சுவரு மாதிரி ஒடியாது. தண்ணிக்குள்ளயே கெடக்குற மிளாறு சீக்கிரம் மக்கவும் மக்காது. படிச்சப்ப எனக்கு கல்லணை தான் ஞாபகம் வந்துச்சு, மணல்ல கல்லப் போட்டா அது புதையும், புதைஞ்சது மேல இன்னும் போட்டா ஒரு எடத்துல நிக்கும், ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடுற வித்தைய அத பாத்து தான் கத்துகிட்டோம்னு காட்டனே எழுதி வச்சிருக்காரு.

2023 கோடைல ஆறு காஞ்சு கெடந்தப்ப, சவுக்கு முனையும் மூங்கில் மிளாறும் நொச்சியும் சேத்து தொடை கனத்துக்கு கட்டு கட்டி, குறுக்கும் நெடுக்குமா பின்னி, கரை அடில பள்ளம் பறிச்சு எறக்கி, விழுந்து கெடந்த பக்கத்து சுவரு கல்ல அவருகிட்ட கேட்டு வாங்கி மேல அடுக்குனேன். அவரு சிரிச்சிகிட்டே குடுத்தாரு, பாவம். இருநூறடிக்கும் முடியல, வளைவு அடிக்கிற எண்பதடிக்கு மட்டும் தான். மிச்சத்துக்கு மூங்கில் தட்டி. அஸ்ஸாம்லயும் வங்காளத்துலயும் பண்டால்னு சொல்லுவாங்களாம், எனக்கு அது பந்தல்னு தான் காதுல விழுந்துச்சு. தண்ணியோட்டத்துக்கு சாய்வா மூங்கில் நட்டு மேல் பாதிக்கு மட்டும் தட்டி கட்டணும், கீழ் பாதி தொறந்தே இருக்கணும். மேல ஓடுற வேகமான தண்ணி நடு ஆத்துக்குத் தள்ளப்படும், அடியில மணலோட வர்ற தண்ணி தட்டிக்கு கீழ நொழைஞ்சு கரையோரம் மணலப் போட்டுட்டுப் போகும். நான் நாலு தட்டி கட்டுனேன், மூணு போச்சு, மிச்ச ஒண்ணுக்கு பின்னாடி முழங்கால் உசரத்துக்கு மணல் மேடு விழுந்துச்சு. அதுல இப்ப நாணல்.

2024 ஆகஸ்ட்லயும் தண்ணி வந்துச்சு, மின்சார டவரே கொள்ளிடத்துக்குள்ள சாஞ்சுது நீ பாத்திருப்ப. தண்ணி இறங்குன ராத்திரி நான் வீட்டுக்கு வரல. கயித்துக் கட்டில படுகையிலேயே போட்டு, அந்த தொம் சத்தத்துக்கு காத வச்சிகிட்டே கெடந்தேன். வரல. மூணாம் நாளும் வரல. மெத்தை ஒரு எடத்துல ஒன்றரை அடி எறங்கிருக்கு, எறங்கிருக்கு, ஒடியல.

இப்ப எனக்கு ஆத்த விட பெரிய தொல்லை ஒண்ணு வந்துருக்கு. கோடை வந்தா வெட்டிவேருக்கு நல்ல வெலை, போன சித்திரைல ராத்திரி யாரோ ரெண்டு பேரு மம்பட்டியோட வந்து ஒரு வரிசைய தோண்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளம் ரெண்டு வருஷமா செய்யாதத அரை மணி நேரத்துல செஞ்சுட்டாங்க. அந்த எடத்துல நொச்சி அடிச்சிருக்கேன்.

வளைகாப்புக்கு வரும்போது உசரம் பாக்குற உன் பழைய லெவல் மிஷின மறக்காம எடுத்துட்டு வா, அளவு போட்ட ஸ்டாஃப் கட்டை இங்க ஒண்ணு கெடக்கு. மெத்தை எவ்ளோ எறங்கிருக்குன்னு ஒவ்வொரு பத்தடிக்கும் அளந்து வைக்கணும், என் கண்ணு கணக்கு எனக்கே நம்பிக்கை இல்ல. சரிவுல நீ எறங்க வேணாம், முட்டிய வச்சிகிட்டு, நீ மேல நாற்காலில ஒக்காந்து மிஷின் வழியா பாரு, கட்டைய நான் புடிக்கிறேன்.

தங்கச்சியையும் கூட்டிட்டு வா.

உன்
மாப்ள