பிள்ளைகளின் பையில் ஏன் புளியங்கொட்டை?

03.03.2020

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நேற்று மாலை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் புளியங்கொட்டையோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள். கொடுத்தனுப்பியது நான்தான். அவர்களைத் திட்ட வேண்டாம்.

பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் ஃப்ரீமன் டைசன் காலமானார். வயது 96. இங்கிலாந்தில் பிறந்த இயற்பியலாளர், கணிதர். நேற்று காலை வணக்கக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசியபோது, "அவருக்கும் நமக்கும் என்ன டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதற்குப் பதில்தான் அந்தப் புளியங்கொட்டை.

நான்கு கொட்டைகளை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம்? 4 ஒரே குவியல்; 3 + 1; 2 + 2; 2 + 1 + 1; நான்கு ஒற்றைகள். மொத்தம் 5 வழி. ஒன்பது கொட்டைக்கு 30 வழி, பதினான்குக்கு 135. இப்படி 4-இல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டே போனால், வழிகளின் எண்ணிக்கை எப்போதும் 5-ஆல் மீதியின்றி வகுபடும். இதைக் கண்டு சொன்னவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். 7-க்கும் 11-க்கும் இதேபோன்ற விதிகளை அவர் கண்டார்.

வகுபடுகிறது, சரி. அந்த ஐந்து சம பங்குகளையும் கண்ணால் பார்க்க முடியுமா என்று டைசன் யோசித்தார். ஒவ்வொரு வழியிலும் மிகப் பெரிய குவியலில் உள்ள கொட்டைகளின் எண்ணிக்கையிலிருந்து குவியல்களின் எண்ணிக்கையைக் கழிக்கச் சொன்னார். அந்த விடைக்கு 'ரேங்க்' என்று பெயர் வைத்தார். (ரேங்க் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கவலை வேண்டாம்.) நான்கு கொட்டைக்கு 3, 1, 0, மைனஸ் 1, மைனஸ் 3 என்று வரும். மைனஸ் வந்தால் 5-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: 3, 1, 0, 4, 2. ஐந்தும் ஐந்து விதம்! இது 5-க்கும் 7-க்கும் எப்போதும் பலிக்கும் என்று 1944-இல், இருபது வயதில், கேம்பிரிட்ஜ் மாணவர் இதழ் ஒன்றில் எழுதினார். அவரிடம் நிரூபணம் கிடையாது. ஊகம்தான் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். பத்தாண்டு கழித்து வேறு இருவர் நிரூபித்தார்கள்.

11-க்கு ரேங்க் பலிக்கவில்லை. ஆறு கொட்டைக்கு 11 வழி, பதினொன்றுக்கும் வேறு வேறு விடை வர வேண்டும். ஆனால் 4 + 1 + 1 என்று பிரித்தாலும் 3 + 3 என்று பிரித்தாலும் ரேங்க் 1தான். அங்கேயே உடைந்துவிடுகிறது. டைசன் அதை மறைக்கவில்லை. வேறோர் அளவு இருந்தாக வேண்டும் என்று சொல்லி, கண்டுபிடிக்கும் முன்பே அதற்குக் 'கிராங்க்' என்று பெயரும் வைத்துவிட்டார். அந்தச் சொல்லுக்குக் கிறுக்கன் என்றும் ஒரு பொருள் உண்டு! 1987-இல் ராமானுஜன் நூற்றாண்டுக்காக அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த மாநாடு முடிந்த கையோடு ஆண்ட்ரூஸ், கார்வன் என்ற இரு கணிதர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். நாற்பத்து மூன்று ஆண்டு காத்திருந்த பெயர். எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

உலகம் அவரை அறிந்தது இயற்பியலால். ஒளியும் எலக்ட்ரானும் எப்படி ஊடாடுகின்றன என்பதைக் கணக்கிட இயற்பியலாளர் ஃபெயின்மன் படம் வரைந்தார். இன்னோர் இயற்பியலாளர் ஷ்விங்கர் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதினார். ஜப்பானில் டோமோனாகா தனியாக ஒரு வழி கண்டார். மூன்றும் ஒன்றே என்பது 1948-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா வழியே பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது டைசனுக்குப் புலப்பட்டது. 1965-இல் நோபல் பரிசு அந்த மூவருக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை. டைசன் முனைவர் பட்டமும் வாங்கியதில்லை. "என்ன படித்தால் விஞ்ஞானி ஆகலாம்?" என்று கேட்கும் அப்பாக்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரி என்று நான் நினைக்கவில்லை. புவி வெப்பமாதலின் ஆபத்தை அவர் குறைத்தே மதிப்பிட்டார். அத்துறையினர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளிடம் அதையும் சொன்னேன்.

வரும் ஏப்ரல் 26 ராமானுஜன் மறைந்த நூறாவது ஆண்டு நாள். அதற்குள் ஒன்பது கொட்டையின் 30 வழிகளையும் ரேங்க் வாரியாகப் பிரித்து ஒரு பெரிய அட்டையில் ஒட்ட வேண்டும் என்பது எங்கள் திட்டம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏழாம் வகுப்பறையில் தொடங்குகிறோம். நீங்களும் வரலாம். வீட்டில் புளி உடைத்த கொட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், கழுவிக் காயவைத்து. நேற்றிரவு நான் தனியாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் 29 வழிதான் வந்தது.

அன்புடன்,
தலைமையாசிரியர்