இராச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்க எங்களுக்கு ஒரு வீதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்த மாதம் 10ஆம் திகதி பென்ஷன் எடுக்க வங்கி வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா மாதம் 6,500 ரூபாய் கொடுத்து ஏதோ ஒரு மாவு வாங்கிக் கரைத்துக் குடிப்பதாகச் சொன்னார், அது நரம்பைத் தளரவிடாதாம், ஆயுளைக் கூட்டுமாம். அவருடைய பென்ஷனில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், பொறுக்கவில்லை. காசு எடுத்த பிறகு கால் மைல்கூட இல்லாத வீட்டுக்கு அவர் ஓட்டோ பிடித்துப் போனார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் நடக்காததற்குக் காரணங்கள் இருக்கின்றன, அந்தக் காரணங்களைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் அப்பா தபால்காரர். திருகோணமலையில் 31 வருஷம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். உவர்மலை ஏற்றத்தில் மிதிக்க முடியாத இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போவார், மட்டிக்களி, உப்புவெளி என்று வெயிலெல்லாம் சுற்றிவிட்டுப் பின்னேரம் வந்து முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார், கெண்டைக்கால் கல்லுப்போல இருக்கும், பிள்ளைகள் நாங்கள் விரலால் குத்திக் குத்திப் பார்ப்போம். 91 வயதில் போனார். கடைசி வருஷம் வரைக்கும் கிணற்றில் தானே அள்ளித்தான் குளித்தார். நானும் தபால் கந்தோரில்தான் வேலை பார்த்தேன், ஆனால் 29 வருஷமும் கவுண்டரில், கதிரையில். 52 வயதில் எனக்குச் சலரோகம் வந்தது, பின்னாலேயே பிரஷரும் வந்தது. ஒரு வீட்டுக் கதையை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கிளினிக்கில் ஒரு இளம் டாக்டர் ஆறுதலாக இருந்து ஒரு பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அப்பாதான் கண்முன் வந்தார்.

அது லண்டனில் நடந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம், மாரடைப்பு ஏன் இப்படிக் கூடிக்கொண்டு போகிறது என்று டாக்டர்களுக்கு விளங்காமல் இருந்த காலம். ஜெரமி மொரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களில் வேலை செய்த சுமார் 31,000 ஆண்களின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரே பஸ்ஸில் இரண்டு பேர், சாரதி நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருக்கிறார், நடத்துநரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கு ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை. 1953இல் லான்செட் மருத்துவ இதழில் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு, வந்தாலும் பிந்தியே வருகிறது, வந்த உடனே உயிரைக் கொண்டுபோவதும் குறைவு. அதே ஆராய்ச்சியில் தபால் ஊழியர்களையும் பார்த்திருக்கிறார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களுக்கு, கந்தோரில் இருந்து வேலை செய்தவர்களையும் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவர்களையும்விட நோய் குறைவு. டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அப்படியென்றால் உடம்பு பருத்தவர்கள்தான் சாரதி வேலைக்குப் போனார்களோ என்று நானும் கேட்டேன். அந்தச் சந்தேகம் மொரிஸுக்கும் வந்திருக்கிறது. கம்பனி சீருடை தைத்துக் கொடுத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார், சாரதிகளின் காற்சட்டை இடுப்பு அகலம்தான், ஆனால் மெலிந்தவர்களை மெலிந்தவர்களோடும் பருத்தவர்களைப் பருத்தவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் நடத்துநர்களுக்கே மாரடைப்புக் குறைவாக இருந்தது. அந்த மனிதர் 2009இல் 99 வயதில் காலமானார்.

சரி, எவ்வளவு நடக்க வேண்டும்? கைப்பேசியில் எல்லோரும் 10,000 காலடி என்று சொல்கிறார்கள், அதைக் கேட்டே பலர் பயந்து தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த எண் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு "பத்தாயிரம் அடி அளவி" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள், அது அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000க்கு மேற்பட்ட பெண்களின் இடுப்பில் கருவி கட்டி அளந்து, பிறகு நாலு வருஷத்துக்கு மேல் கவனித்த ஆய்வு ஒன்று வந்தது. ஒரு நாளைக்கு 2,700 அடி போட்டவர்களோடு பார்க்கும்போது 4,400 அடி போட்டவர்களில் இறப்பு 41 வீதம் குறைவு, 7,500 அடிக்கு மேலே கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. சுகமாக இருப்பவர்கள்தானே கூட நடப்பார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி, ஆராய்ச்சி செய்தவர்களும் வருத்தக்காரர்களைக் கழித்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், அதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றது. 2,700க்கும் 4,400க்கும் இடையில் என்ன இருக்கிறது, ஒரு 1,700 அடி, மெல்ல நடந்தாலும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

என்னைப்போலச் சலரோகம் உள்ளவர்களுக்கு அந்த இருபது நிமிஷத்தை எப்போது நடப்பது என்பதும் முக்கியம். நாங்கள் இரவில் புட்டு, இடியப்பம், பாண் என்று மாச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நாடகம் பார்க்க இருந்துவிடுகிறோம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் அளவில் இரத்தத்தில் சீனி ஏறும், அதை உள்ளே எடுக்க இன்சுலின் வேண்டும், எங்களுக்கு அது சரியாக வேலை செய்யாது. ஆனால் கால் தசை வேலை செய்துகொண்டிருந்தால் இன்சுலினைக் காத்திருக்காமல் அது தானாகவே சீனியை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டவுடன் 10, 15 நிமிஷம் மெல்ல நடந்தாலே போதும். நானே வீட்டில் விரலில் குத்திப் பார்த்திருக்கிறேன், நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் வித்தியாசம் தெரிகிறது. இன்சுலின் ஊசி போடுபவர்களும் சில வகைக் குளிசை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடவும் கூடும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் நிறைய எழுதிவிட்டீர்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும், ஒரு துண்டு கருவாடும் ஒரு சம்பலும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். போத்தல் குளிர்பானத்தில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி, 2016இலிருந்து அந்த வட்டம் இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கும்போது பார்க்கிறோமா? அப்பா சிகரெட் பிடித்தவர், 50 வயதில் விட்டார். பிரித்தானிய டாக்டர்களையே 50 வருஷம் பின்தொடர்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வு, சிகரெட்டை விடாமல் பிடிப்பவர்கள் சராசரியாக 10 வருஷம் முந்திப் போகிறார்கள் என்றும் 50 வயதில் விட்டால் அதில் 6 வருஷம் அளவில் மிச்சமாகும் என்றும் சொல்கிறது. புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்குத்தானே என்று சொல்லும் ஆச்சிமாருக்கு ஒன்று, பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு உறுதிப்படுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

இனி நான் எழுத வந்த விஷயம். எங்கள் ஊரில் ஆண்கள் நடக்கிறார்கள். விடிய டச்பே கடற்கரையில் பாருங்கள், உட்துறைமுக வீதியில் பாருங்கள், பெண்களும் வருகிறார்கள்தான், ஆனால் பெரும்பாலும் படித்த வேலையில் இருந்தவர்கள். பாலையூற்றுப் பக்கத்து ஒழுங்கைகளில் இருக்கும் என் வயதுப் பெண்கள் விடியச் சமைக்க வேண்டும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு வீதியில் கால் வைக்க முடியாது. முந்தி எங்கள் அம்மாக்கள் திருவலையில் இருந்து தேங்காய் துருவினார்கள், அம்மியில் அரைத்தார்கள், நிலத்தில் இருந்து எழும்பிக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு நடை தனியாகத் தேவைப்படவில்லை. இப்போது எல்லாம் மேசை உயரத்தில், மெஷினில். அந்த வசதி எங்களுக்கு வேண்டியதுதான், திரும்ப அம்மியைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன், அம்மாவின் முதுகுவலி எனக்குத் தெரியும். ஆனால் கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்ப முடியாத பெண்கள் 60 வயதிலேயே எத்தனை பேர்! விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர். 65 வயதைத் தாண்டியவர்கள் கிழமையில் மூன்று நாளாவது தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்கிறார்கள், விளம்பரம் பார்க்கும் நேரத்தில் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி இருந்தாலே அது தொடக்கம்தான்.

நாங்கள் நாலு பேர் போன வருஷம் ஐப்பசியில் இருந்து ஒன்றாக நடக்கிறோம். வெள்ளிக்கிழமைகளில் கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டுவிட்டு, மான்களைப் பார்த்துக்கொண்டு கோணேசர் கோயில் வரை ஏறுவோம். முதல் நாள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், இப்போது கதைத்துக்கொண்டே ஏறுகிறேன். கதைப்பதும் சேர்த்தி. 148 ஆய்வுகளில் இருந்த 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்து 2010இல் வெளியிட்டார்கள், நல்ல உறவும் ஆட்களோடு பழக்கமும் உள்ளவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் கூட. எங்கள் நாலு பேரில் ஒருவர் கணவரை இழந்து இரண்டு வருஷம் வீட்டை விட்டு வெளிக்கிடாதவர். இன்றைக்கு மற்றவர்கள் பிந்தினால் அவர்தான் படலையில் வந்து கூப்பிடுகிறார்.

ஆனால் எங்களுக்குத் தேவையான நேரம் இரவு எட்டு மணி, அந்த நேரத்தில்தான் நாங்கள் நடக்க முடியாது. ஒழுங்கையில் வெளிச்சம் இல்லை, தெருநாய்கள் கூட்டமாக நிற்கும், பெரிய வீதிக்கு வந்தால் நடைபாதையில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்திருப்பார்கள், நடுவீதியில் இறங்கித்தான் போக வேண்டும். முழங்கால் வருத்தக்காரருக்கு இடையில் இருந்து ஆற ஒரு வாங்கில் கிடையாது. பெண்பிள்ளை இரவில் என்ன நடை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் பதில், உங்கள் தாய்க்கு இரத்தச் சீனி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள், கூட்டிக்கொண்டு போங்கள்.

பொறுப்பானவர்களிடம் நான் பூங்கா கேட்கவில்லை, உடற்பயிற்சி மெஷின் கேட்கவில்லை. வீதியோரம் வேம்பு வையுங்கள், அரை மைலுக்கு ஒரு வாங்கில் போடுங்கள், நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஒழுங்காகச் செய்யுங்கள். எங்கள் ஒழுங்கை முகப்புக் கம்பத்தில் விளக்கு எரியாமல் போய் ஐந்து மாதம், இரண்டு தரம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதை மாற்றிவிட்டால் அன்றைக்கு இரவே நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டுவிட்டு இறங்குவோம், அந்த பென்ஷன் அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன், விளக்கு எரியட்டும், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பாலையூற்று, திருகோணமலை.