கொடி ரோஜாவில் பேன் பிடித்திருக்கிறதா? மருந்து வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நம் நர்சரி வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உறைபனி விலகி, கவாத்து செய்த கொடி ரோஜாக்கள் சிவப்புத் துளிர் விடத் தொடங்கியதிலிருந்து நம் வாட்ஸ்அப்புக்கு லவ்டேல், கேத்தி, குன்னூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மொட்டுக் காம்பைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகப் பூச்சி, கீழ் இலைகளில் பிசுபிசுப்பு, கூடவே "என்ன மருந்து அடிக்கணும்?" என்ற கேள்வி. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

அது அசுவினி, நாம் செடிப்பேன் என்போமே அதுதான். அதற்காக விஷ மருந்து வாங்க வேண்டாம். இமிடாக்ளோபிரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் சாற்றோடு ஏறிப் பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும், தேனீக்கு அது நஞ்சு. நாங்கள் அவற்றை விற்பதில்லை.

பேன் ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்றால், அதற்கு ஆண் துணையே தேவையில்லை. பெண் பேன் நேராகக் குட்டி போடும், அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் (நம் குளிரில் இன்னும் சில நாள் கூடலாம்) தானே குட்டி போட ஆரம்பித்துவிடும். கூட்டம் நெருக்கினால் இறக்கையுள்ள பேன்களும் உருவாகி, பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். அதனால் தினம் ஒருமுறை துளிர்களைப் பார்ப்பதுதான் பாதி வைத்தியம்.

மீதிப் பாதிக்குத் தண்ணீர் போதும். துளிருக்குப் பின்னால் ஒரு கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஹோஸ் முனையை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கமும் படும்படி வேகமாகப் பீச்சுங்கள். கீழே விழும் பேன்களில் பெரும்பாலானவை திரும்ப ஏறி வராது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தாலே பல வீடுகளில் வேறு எதுவும் தேவைப்படாது. காலையிலேயே செய்யுங்கள், நம் மலை மூடுபனியில் இலை ராத்திரி முழுக்க ஈரமாக இருந்தால் கரும்புள்ளி நோய் வந்துவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். இங்கே குளிரில் அது பாட்டிலிலேயே உறைந்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் திரிதிரியாக மிதந்து ஸ்பிரேயரை அடைக்கும். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து இளக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய், அதில் கரைய வைக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், அவ்வளவுதான். ஒரு கிளையில் அடித்து மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்த பிறகு மற்றதற்கு அடியுங்கள்.

ஒரு வேண்டுகோள். பேன் கூட்டத்துக்கு நடுவே குட்டி முதலை மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டோடு ஒன்று ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு, பேன்தான் அதற்குச் சாப்பாடு. உப்பிப்போய்ப் பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் பேன்களையும் விட்டுவிடுங்கள், அவற்றுக்குள் ஒரு சின்னக் குளவி வளர்ந்துகொண்டிருக்கும். வெளியே வந்தால் அது மற்ற பேன்களில் முட்டை வைக்கும். இவை கண்ணில் பட்ட கிளையில் எண்ணெய் அடிக்கவே வேண்டாம்.

எறும்பு சாரை சாரையாக ஏறுகிறதா? அந்தப் பிசுபிசுப்பு பேன் விடும் இனிப்பு நீர், அதற்காக எறும்பு பேனுக்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். அடித்தண்டில் துணிப்பட்டை கட்டி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். கொடி என்பதால் சுவர், ஜன்னல் கம்பி வழியாகவும் எறும்பு வரும், அந்த இடங்களையும் பாருங்கள். பிசுபிசுப்பில் படரும் கரிப்பூசணம் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

அப்புறம், யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து அதிகமானால் துளிர் தளதளவென்று வரும், பேனுக்கு அதுதான் பிடிக்கும். மட்கிய தொழு உரம் போதும்.

சந்தேகம் இருந்தால் துளிரின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் நர்சரிக்காரர்கள், ஊட்டி