கண்ணுக்கு, அம்மா எழுதுவது

கண்ணு,

போனில் பேசினால் 'உம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். டீ டைமில் ஓவர்லாக் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

பொங்கலுக்கு வந்த நான்கு நாளும் உன்னைக் கவனித்தேன். ராத்திரி முழுக்க முழித்திருந்து, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நீ வந்து கழற்றுவாய் என்று கெட்டுப்போன மிக்ஸியை எடுத்து வைத்திருந்தேன். தொடவே இல்லை. எட்டாவது படிக்கும்போது தாத்தாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கினவன் நீ.

சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரம் சுகர் மாத்திரை வாங்க ஜி.எச். போனபோது, அங்கே மனநல டாக்டரிடம் கேட்டேன். தூக்கம், பசி, பிடித்த வேலையில் ஆசை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் மனச்சோர்வாக இருக்கலாம், நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு இன்ஜினியரிங் டிராயிங், கணக்கு எல்லாம் ஒரேயடியாக இங்கிலீஷில். மூன்று அரியர். பதினாறு வயதில் ஹாஸ்டல். சனி ஞாயிறு கேட்டரிங்கில் தட்டு எடுத்து செலவுக்குச் சம்பாதிக்கிறாய்.

இதற்கெல்லாம் மேலே நானும் ஒன்று செய்தேன். பெரியம்மாவிடம் போனில், "மார்க் இல்லை, அதான் பாலிடெக்னிக்" என்றேன். நீ வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். தப்புதான் சாமி. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருஷத்திலேயே சேரலாம் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். யோசித்தால் அதுவும் உனக்குப் பாரம்தான். இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், நாக்கு கூசுகிறது. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? நேராகவே கேட்கச் சொன்னார் டாக்டர். தோன்றினால் ரூமில் தனியாக இருக்காதே, வார்டனை எழுப்பு. எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு, பஸ் ஏறிவிடுவேன். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் 14416. கவர்மெண்ட் நம்பர், காசு கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கள் லீவு சொல்லிவிட்டேன், இரண்டு பேரும் டாக்டரைப் பார்ப்போம். மாத்திரை கொடுத்தால் வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம், உடனே கேட்கவில்லை என்று விட்டுவிடக் கூடாதாம்.

அப்புறம், பருப்புப்பொடி கொண்டு வரட்டுமா, கறிவேப்பிலைப்பொடியா? அதை மட்டுமாவது மெசேஜ் போடு.

அம்மா