ஒட்டுப்போர்வைப் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், தைத்தது போக மீந்த துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து ஒட்டுப்போர்வை செய்வது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். நான் 32 வருஷமாக வீட்டில் மிஷின் வைத்துத் தைக்கிறவள். இந்த வேலைக்கு நாளிதழில் ஒரு பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். கத்தரித்து எடுத்தும் வைத்தேன். ஆனால் அதில், "புதுத் துணியின் மீதமாக இருந்தால் போதும், எந்த வகையானாலும் சரி, பழைய உடுப்புகள் வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அது தலைகீழ். எந்த வகைத் துணி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதுசா பழசா என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு வரிதானே என்று விட்டிருப்பேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் பக்கத்தைப் பார்த்து, ஐந்து இஞ்ச் சதுரமாக 64 துண்டு வெட்டி, இரண்டு வரிசை தைத்தும் விட்டிருந்தாள். தரையில் விரித்தால் வரிசை படியவே இல்லை. ஓரிடத்தில் உப்பி, ஓரிடத்தில் இழுத்து, நெளிந்து கிடந்தது. "கோடு போட்டுத்தான் தைச்சேன் அத்தை" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தேன். தையல் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. குற்றம் அவள் கையில் இல்லை. பனியன் துணியும் சட்டைப் பருத்தியும் வழுவழுவென்று ஒரு பாலியெஸ்டரும் அடுத்தடுத்து வந்திருந்தன. பனியன் துணி பின்னல் துணி, துணியை நகர்த்துகிற மிஷினின் பல் அதை இழுத்தபடியே தள்ளும். சட்டைப் பருத்தி நெய்த துணி, அப்படி இழுபடாது. இரண்டையும் ஒரே தையலில் சேர்த்தால் ஒன்று சுருங்கும், ஒன்று தொங்கும். எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் இதுதான் நடக்கும்.

"எல்லாமே துணிதானே அத்தை?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு உங்கள் பக்கத்தில் பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் இரண்டு மூன்று இழைகளை உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்து, நெருப்பில் காட்டிப் பார்த்தோம். (சிறு பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.) பருத்தி காகிதம் மாதிரி எரியும், அதே வாசனை வரும், மிச்சம் தொட்டால் உதிரும் சாம்பல். பாலியெஸ்டர் முதலில் சுருளும், பிறகு உருகும், ஆறினதும் நுனியில் கறுப்பாகக் கெட்டியாக ஒரு சின்ன மணி நிற்கும். பத்துத் துண்டு பார்த்ததும் அவளுக்குக் கை தேறிவிட்டது; அதற்குப் பிறகு கசக்கிப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தாள். பனியன் துணி 14, பாலியெஸ்டர் 9. இரண்டையும் ஒதுக்கினோம். பாலியெஸ்டர் கெட்ட துணி என்று நான் சொல்ல வரவில்லை. பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். முதல் சலவையில் பக்கத்துப் பருத்தி சுருங்கும்போது அது சுருங்காமல் முண்டிக்கொண்டு நிற்கும். பாலியெஸ்டர் துண்டுகளை மட்டும் சேர்த்துத் தனியாக ஒரு விரிப்பு தைக்கலாம், நன்றாகவே வரும்.

அடுத்தது சாயம். துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். மீதி 41 துண்டில் மூன்று கறை வைத்தன, மூன்றும் அடர் சிவப்பு. நான் இதைக் கற்றுக்கொண்டது என் முதல் போர்வையை இழந்துதான். மகள் பிறக்கப்போகிறாள் என்று ஐந்து மாதம் கையால் தைத்தது. முதல் தடவை அலசி எடுத்தபோது, மூலையில் இருந்த ஒரு சிவப்புத் துண்டு வெள்ளை முழுவதும் ஊறி இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாக நின்றது. ஒரே ஒரு துண்டு. வெட்டுவதற்கு முன்னால் நனைத்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. மகளுக்கு இப்போது 26 வயது. அந்தப் போர்வை இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இனி அந்தப் பழைய உடுப்பு. பலமுறை துவைத்த பருத்தி, சுருங்க வேண்டியதை எல்லாம் சுருங்கி, விட வேண்டிய சாயத்தை எல்லாம் விட்டு முடித்திருக்கும். ஒட்டுப்போர்வைக்கு அதைவிட நம்பிக்கையான துணி எது? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகாமல் தாங்கினால் தாராளமாகத் தைக்கலாம். சட்டையில் காலரும் கைப்பட்டியும் அக்குளும் முதலில் போய்விடும், முதுகுப் பக்கம் கடைசி வரை கெட்டியாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் காலமானபோது அவருடைய எட்டுச் சட்டைகள் இருந்தன. ஒரு வருஷம் தொட முடியவில்லை. பிறகு ஒருநாள் பிரிக்க உட்கார்ந்தேன். ஒரு நீலச் சட்டையின் பையைத் தையல் பிரித்து எடுத்தால், அடியில் பை இருந்த அளவுக்கு மட்டும் முதல் நாள் வாங்கிய நீலம் அப்படியே இருந்தது. சுற்றிலும் வெளுத்துச் சாம்பலாகிவிட்ட சட்டைக்கு நடுவே கையகல நீலம். அதைக் குலைக்காமல் அப்படியே வெட்டிப் போர்வையின் நடுவில் வைத்தேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள் இப்படித்தான் உழைத்து வெளுத்த உடுப்புகளைப் பிரித்துப் போர்வை தைத்தார்கள். பை இருந்த இடத்தின் அடர் நிறத்தை அந்தப் போர்வைகளிலும் பார்க்கலாம். அவர்களில் மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு ஒன்று தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. அவர்களுடைய போர்வைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பழைய உடுப்புகள் வேண்டாம் என்று எழுதியவர் அவற்றின் படங்களை ஒருமுறை பார்த்தால் நல்லது.

எல்லாத் துண்டையும் ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டச் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டியதில் மீந்தது கோணல்மாணலாகத்தான் இருக்கும். அதிலிருந்து சதுரம் எடுத்தால் பாதி மறுபடியும் குப்பைக்குப் போகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் துண்டு எந்த வடிவில் இருக்கிறதோ கிட்டத்தட்ட அந்த வடிவிலேயே போகிறது. ஓரத்தில் ஆரம்பித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. அளவுகோல் இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய முறை.

சதுரம்தான் பிடிக்கும் என்றால் சரி, அதற்கும் ஒரு கணக்கு வேண்டும். நாலு பக்கமும் தையலுக்கு இரண்டு நூல் (எட்டு நூல் ஓர் இஞ்ச்), அதாவது கால் இஞ்ச் விட வேண்டும். நாலரை இஞ்ச் வெட்டினால் தைத்தபின் நாலு இஞ்ச் நிற்கும். 60க்கு 80 இஞ்ச் போர்வைக்கு 15 வீதம் 20 வரிசை, மொத்தம் 300 துண்டு. ஒரு வரிசையில் 14 தையல். ஒவ்வொன்றிலும் அரை நூல் கூடிப்போனால் சேர்கிற இரண்டு துண்டிலும் அரை நூல் போகும்; வரிசை முடியும்போது 14 நூல் குறையும், ஒன்றேமுக்கால் இஞ்ச். அடுத்த வரிசையோடு மூலை சேராது. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும்.

"ஒரே நாளில் முடிக்கலாம்" என்ற தலைப்பை மட்டும் அடுத்த முறை தயவுசெய்து போடாதீர்கள். 1841இல் இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள், 'ராஜா' என்ற கப்பலில் டாஸ்மேனியா போகும் வழியில் ஒரு போர்வை தைத்தார்கள். துணியும் ஊசியும் நூலும் கொடுத்து அனுப்பியது சிறைப் பெண்களுக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரையின் குழு. மொத்தம் 2,815 துண்டுகள். அந்தப் பயணம் மூன்று மாதத்துக்கு மேல். பல கைகள் சேர்ந்து தைத்தது என்பது தையலைப் பார்த்தாலே தெரியும் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஒரு நாள் கணக்கைப் படித்த பக்கத்து வீட்டுப் பெண், மூன்றாம் நாளும் முடியாதபோது தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆகவே இந்தத் திருத்தத்தை அதே இணைப்பில், அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால் மூன்று வரி போதும்: நெய்த பருத்தியோடு நெய்த பருத்தியையே சேர்க்கவும்; வெட்டுமுன் நனைத்துப் பார்க்கவும்; இழை கெட்டியாக இருந்தால் பழைய உடுப்பும் ஆகும்.

ஒதுக்கிய 26 துண்டுகளையும் அவள் தூக்கிப் போடவில்லை, தனிப் பையில் முடிந்து வைத்திருக்கிறாள். மீதி 38 துண்டோடு அவள் அப்பாவின் பழைய சட்டை இரண்டைச் சேர்த்து, இப்போது நாலாவது வரிசையில் இருக்கிறோம். உங்கள் பக்கம் அவள் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தைத் திருத்தத்துக்காகக் காலியாக விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி